ஓரியன் நெபுலாவோடு மூன்று குளிர்காலங்கள்

பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா, 135 மி.மீ. லென்ஸ், வானம் நகரும் வேகத்துக்கு ஈடாகக் கேமராவைத் திருப்பும் ஸ்டார் டிராக்கர், பல படங்களை ஒன்றாக அடுக்கித் தரும் ‘சிரில்’ என்ற இலவச மென்பொருள். இந்த நான்கையும் வைத்துக்கொண்டு மூன்று குளிர்காலங்களாக ஜவ்வாது மலையில் ஓரியன் நெபுலா என்ற வாயு, தூசி மேகத்தைப் படமெடுத்து வருகிறேன். காவலூர் வானாய்வகம் இருக்கும் அதே மலைத்தொடர்தான்.

முதல் குளிர்காலத்தில் என்னிடம் டிராக்கர் இல்லை. இந்த லென்ஸில் இரண்டு வினாடிகளைத் தாண்டினால் நட்சத்திரங்கள் கோடுகளாகிவிடும். ஆகவே இரண்டு வினாடிப் படங்களாக 300 எடுத்தேன். கூட்டினால் பத்து நிமிட ஒளி. அதற்கே ஓரியன் என்ற வேட்டைக்கார விண்மீன்கூட்டத்தின் வாள் நடுவில் இளஞ்சிவப்பாக ஓர் இறகு விரிந்தது. 1,300 ஒளியாண்டுகளுக்கு அப்பால் நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கும் இடம் என் கேமராவுக்குள் வந்துவிட்டது. அன்று எனக்கு உறக்கமே வரவில்லை. டிராக்கருக்குப் பணம் சேரும்வரை காத்திருக்காதீர்கள். முக்காலி இருந்தால் இந்த அமாவாசைக்கே தொடங்கிவிடலாம்.

டிராக்கர் வந்தபின் தலைவலி வடக்கிலிருந்து வந்தது. அதன் அச்சு வானின் வட துருவத்தை நோக்கியிருக்க வேண்டும். அந்த இடத்தைக் காட்டும் துருவ நட்சத்திரமோ நம் ஊரில் அடிவானத்திலிருந்து 12, 13 டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது. ஒரு புளியமரமோ சிறு குன்றோ போதும், அது மறைந்துவிடும். இணையப் பாடங்கள் பெரும்பாலும் அது வானில் நன்கு உயர்ந்து நிற்கும் நாடுகளுக்காக எழுதப்பட்டவை. அவற்றை நம்பி நான்கு இரவுகளை இழந்தேன். இப்போது பகலிலேயே போய், வடக்கு திறந்திருக்கும் மேட்டைப் பார்த்து வைக்கிறேன். துருவ நட்சத்திரம் புகைமூட்டத்தில் கரைந்துபோனால் செல்பேசித் திசைகாட்டியே துணை. தமிழ்நாட்டில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் வேறுபாடு மிகக் குறைவு. ஒரு நிமிடப் படங்களுக்கு அது பல இரவுகளில் கைகொடுத்திருக்கிறது.

இனி நான் மிகவும் தாமதமாகக் கற்றது: ஃபிளாட் படங்கள். லென்ஸின் ஓர இருட்டையும் சென்சார் தூசியையும் பதிந்துகொண்டு, பிறகு நெபுலாப் படத்திலிருந்து அவற்றை நீக்குவதற்கானவை இவை. முதல் ஆண்டு முழுவதும் எடுக்காமல் விட்டேன். மங்கலான வாயுவை வெளிக்கொணர முயன்றபோதெல்லாம் நடுவில் வெளிச்ச வட்டமும் தூசியின் வளையங்களும் சேர்ந்து எழுந்தன. மென்பொருளைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன், தவறு என்னுடையது. இப்போது விடியலில், ஃபோகஸைத் தொடாமல், வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்து லென்ஸ்மேல் போர்த்தி, வானத்தை நோக்கி 30 படங்கள் எடுக்கிறேன். ஐந்து நிமிட வேலை. வேறு எந்தச் செலவும் என் படங்களை இவ்வளவு மாற்றவில்லை.

ஒரு நிமிடப் படங்கள் 120 சேர்ந்தால் இரண்டு மணி நேரம். எண்ணிக்கை நான்கு மடங்கானால், படத்தில் மணல்போல் தெரியும் இரைச்சல் பாதியாகும் என்பதால், ஒரே இரவில் ஐந்து பொருள்களைத் தேடி ஓடுவதைவிட ஒன்றிலேயே தங்குவது நல்லது. ஆனால் ஒரு நிமிடப் படங்களில், நெபுலாவின் நடுவில் உள்ள டிரபீசியம் என்ற பிரகாசமான நட்சத்திரக் கூட்டம் வெளுத்துவிடும். அதற்காக ஐந்து வினாடிப் படங்கள் 30 தனியாக எடுத்துப் பின்னர் இணைக்கிறேன்.

சிரிலில் படங்களை அடுக்குவது எளிது. பின்னணிச் சாய்வை (வானத்தில் ஒருபக்கம் கூடித் தெரியும் வெளிச்சத்தை) நீக்குவது, நட்சத்திரங்களை வைத்து நிறத்தைச் சரிசெய்வது, பிறகே மங்கலானவை தெரியும்படி ஒளியை விரிப்பது என்ற வரிசையை மாற்றாதீர்கள். விரிக்கும்போதுதான் கை கட்டுக்கடங்காமல் போகிறது. என் முதல் ஆண்டுப் படங்களில் வானம் மையிருட்டாகவும் நெபுலா கத்தரிப்பூ நிறத்திலும் இருக்கின்றன. வானத்தை முழுக் கறுப்பாக்கியதால், நெபுலாவைச் சூழ்ந்திருந்த பழுப்புத் தூசி அத்தனையும் அழிந்திருந்தது. அதே கோப்புகளை இரண்டாண்டு கழித்து மறுபடி செய்தபோது அந்தத் தூசி வெளிப்பட்டது, மனம் நிறைந்துபோனது. மூலக் கோப்புகளை ஒருபோதும் அழித்துவிடாதீர்கள்.

குறையையும் சொல்ல வேண்டும். மாற்றம் செய்யப்படாத சாதாரண கேமராக்களில் பெரும்பாலானவை ஹைட்ரஜனின் 656 நானோமீட்டர் சிவப்பில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். ஓரியன் பிரகாசமானது, தப்பித்துவிடுகிறது. அருகிலுள்ள குதிரைத்தலை நெபுலாவின் பின்னால் இருக்கும் சிவப்பு எனக்கு இன்னும் மங்கலாகவே கிடைக்கிறது. பனியும் தொல்லை: ஒரு தை மாத இரவில் லென்ஸ் வியர்த்து 40 படங்கள் வீணாயின. அன்றிலிருந்து லென்ஸைச் சுற்றிச் சூடாக்கும் பட்டை கட்டுகிறேன்.

துருவ நட்சத்திரத்தைத் தாழ்த்திவைத்த அதே அட்சரேகை, தென்வானின் கரீனா நெபுலாவை அடிவானத்துக்கு மேல் 18 டிகிரி வரை உயர்த்தித் தருகிறது. ஐரோப்பாவில் பெரும்பாலோர் தம் ஊரிலிருந்து அதைப் பார்க்கவே முடியாது. வரும் மாசி அமாவாசைக்குத் தெற்கு திறந்திருக்கும் ஒரு மேட்டை இப்போதே பார்த்துவைத்திருக்கிறேன்.