டர்பனில் டர்போ வாங்கப் போகிறவர்கள் படிக்கவும்: 26,500 ராண்டு போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஆறிவிட்டால் எழுத மாட்டேன்.

26,500 ராண்டு. நம் ஊர்க் கணக்கில் ஒரு லட்ச ரூபாயைத் தாண்டும். அந்தப் பணத்துக்கு வாங்கியது ஒரு டர்போ, எக்ஸாஸ்ட் புகையின் விசையில் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி அனுப்புகிற பாகம். என் கையில் இருப்பதோ வெள்ளிப் பெயின்ட் அடித்த பழைய இரும்புக் கட்டி ஒன்று. 'புத்தம் புதுசு, ஒரிஜினல்' என்று பில் போட்டுக் கொடுத்தவர்கள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஒரு தொழிற்பேட்டையில் கண்ணாடிக் கதவு, ஏசி எல்லாம் வைத்துக் கடை நடத்துகிறார்கள். கடை பெயரைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வருமாம், போனிலேயே சொல்லிவிட்டார்கள். அதனால் அடையாளம் இவ்வளவுதான்: ரேஸ் கார்களுக்கான உதிரிபாகம் விற்கிற கடை, வாங்க விற்க விளம்பரம் போடும் ஆப் ஒன்றிலும் ஆள் பிடிக்கிறார்கள். எப்படித் தப்பிப்பது என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்தது.

என்னிடம் இருப்பது ஐந்தாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ கார், மேனுவல் கியர். முதல் தலைமுறை கோல்ஃபையே சிட்டி கோல்ஃப் என்ற பெயரில் 2009 வரை தயாரித்து விற்ற நாடு இது. இங்கே இந்தக் கார் மேல் ஆசை வராமல் இருந்தால்தான் அதிசயம். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் பின்னால் ஒரு கராஜ் இருக்கிறது. சனி ஞாயிறுகளில் அங்கேதான் வேலை. போர்ட் ஷெப்ஸ்டோனில் இருக்கும் டெஸி ரேஸ்வேயில் டிராக் டே (சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டும் நாள்) ஓட்ட வேண்டும், அதற்காகத்தான் எல்லாம். நம் மாகாணத்தில் ஒழுங்காக ஓட்ட வேறு இடம் எங்கே இருக்கிறது? பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருந்த ராய் ஹெஸ்கத் பந்தயத் தடம் 1981-லேயே மூடியாச்சு.

டிராக்குக்குப் போகிறவன் முதலில் பவரைத் தேட மாட்டான், பிரேக்கைத்தான் பார்ப்பான். நானும் அப்படித்தான் செய்தேன். பேட், டாட் 4 பிரேக் ஆயில், எஃகு வலை சுற்றிய ஹோஸ் எல்லாம் மாற்றினேன். அப்புறம் டர்போ தரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், பெரியதாக. அதன் பிறகுதான் டர்போ. கம்பெனி போட்டுக் கொடுக்கும் கே03 என்ற டர்போ சின்னது. சீக்கிரம் சுழன்று வேகம் எடுக்கும், ஆனால் ஆர்பிஎம் ஏறினால் அதற்கு மூச்சு முட்டும். மேப்பை, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை, மாற்றிக் கூடுதல் பூஸ்ட் (காற்றழுத்தம்) கேட்டால் காற்றைச் சூடாக்கித் தரும், அவ்வளவுதான். ரோட்டில் இது தெரியாது, டிராக்கில் சுற்றுக்கு மேல் சுற்று போகும்போது நன்றாகவே தெரியும். இதற்கு எல்லோரும் செய்கிற வழி கே04-064. ஜிடிஐ எடிஷன் 30-இலும் ஆடி எஸ்3-இலும் வந்த அதே டர்போ. சாதாரண ஜிடிஐ 147 கிலோவாட், எடிஷன் 30-க்கு 169. புகையைச் சேர்த்து அனுப்பும் மேனிஃபோல்டும் டர்பைன் கூடும் ஒரே வார்ப்பாக இருக்கும், பழையது இருந்த இடத்திலேயே உட்காரும். எஸ்3 இன்ஜெக்டரும் ஹை பிரஷர் பம்ப் வேலையும் சேர்ந்தால் ஒரு முழு செட். இன்ஜெக்டரும் பம்ப்பும் வேறு இடத்தில் முன்பே வாங்கி வைத்திருந்தேன். அவற்றில் ஒரு குறையும் இல்லை.

சரி, அந்தக் கடைக்குப் போன கதைக்கு வருகிறேன்.

கவுன்டருக்குப் பின்னால் கோயில் காலண்டர், அதில் வேலோடு முருகன். கடைக்காரர் கையில் மஞ்சள் கயிறு, காவடி எடுத்து முடித்த சமயம். வாயைத் திறந்தால் முழுக்க டர்பன் இங்கிலீஷ்தான், ஆனால் 'வாங்க அண்ணா' என்பதை மட்டும் அழகாகச் சொன்னார். இந்தியாவில் எந்த ஊர் என்றார். குடியாத்தம் பக்கம், அந்தக் காலத்து வட ஆற்காடு ஜில்லா என்றேன். மனிதர் எழுந்தே விட்டார். போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலில் வந்த அவருடைய கொள்ளுத்தாத்தாவின் பதிவுப் பக்கம். பெயர், அப்பா பெயர், வயது, ஜில்லா. ஜில்லா என்ற இடத்தில் நார்த் ஆர்காட். 'அப்ப நம்ம ஒரே ஊரு அண்ணா' என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பக்கம் பொய்யில்லை, இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அதனால்தான் எனக்கு இன்னும் எரிகிறது. உண்மையான ஒன்றைக் காட்டிப் பொய்யான ஒன்றை விற்றிருக்கிறார்.

அப்புறம் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஃபோம், வாய்களில் சிவப்பு பிளாஸ்டிக் மூடிகள். 'நீங்களே தொட்டுப் பாருங்க.' பார்த்தேன். ஷாஃப்டைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தேன், ஆட்டம் இல்லை. பக்கவாட்டில் துளி அசைவு. ஆயில் இல்லாமல் காய்ந்து இருக்கும்போது அந்த அளவு அசைவு புதுசிலும் இருக்கும். இறக்கைகள் மின்னின. உற்பத்தி எண் தகடு இருந்தது, 064 தெளிவாக இருந்தது. வீட்டிலேயே பொருத்தலாமா, அதனால் வாரன்டி போகுமா என்று நேரிலும் கேட்டேன், வாட்ஸப்பிலும் கேட்டேன். நேரில் 'நாலு போல்ட்டுதானே, உங்களுக்குத் தெரியாததா' என்றார். வாட்ஸப்பில் கட்டைவிரல்.

விலை 30,000 ராண்டு. பழைய கே03-ஐக் கொடுத்தால் 3,500 கழிவு. ஆக 26,500. என் பழைய டர்போவில் ஒரு குறையும் கிடையாது. அதைக் கொடுத்துவிட்டு வந்தேன். கார்டு மெஷின் ரிப்பேர் என்றார், ஈஎஃப்டியில், அதாவது நேரடி வங்கிப் பரிமாற்றத்தில், பணம் போட்டேன். பில்லில் புதுசு, ஒரிஜினல், 12 மாத வாரன்டி.

பொருத்திய முறையையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் பழியை அங்கேதான் போடுகிறார்கள். புது கேஸ்கட், புது செம்பு வாஷர், புது ஆயில் ஃபீட் பைப். பழைய பைப்பில் கரி படிந்து டர்போவுக்கு ஆயில் போகாமல் செய்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆயிலும் ஃபில்டரும் புதுசு. பொருத்தும் முன் டர்போவின் ஆயில் துளையில் எண்ணெய் ஊற்றி ஷாஃப்டைக் கையால் சுற்றினேன். பெட்ரோல் பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு, இன்ஜினைப் பற்றவிடாமல் ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றவைத்து ஆயில் ஏற்றினேன். அதன் பிறகுதான் ஸ்டார்ட் செய்தேன். ஐடிலில் தேன் மாதிரி ஓடியது. எஸ்3 செட்டுக்கான மேப்பும் ஏற்றியாச்சு.

ஹிக்கின்சன் ஹைவேயில் மெதுவாகக் கொண்டுபோய், இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு மூன்றாவது கியரில் கொஞ்சம் மிதித்தேன். பூஸ்ட் ஏறும்போதே டிக் டிக் என்று ஒரு சத்தம், எக்ஸாஸ்ட் எங்கோ கசிகிற சத்தம். காலை எடுத்ததும் கண்ணாடியில் நீலப் புகை. பின்னால் வந்த பாக்கி (இங்கே பிக்அப் வண்டிக்கு அந்தப் பெயர்) டிரைவர் ஹாரன் அடித்து, ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிவிட்டுப் போனார். வீட்டு வாசலில் நிறுத்தியபோது புகையைப் பார்த்து வீட்டுக்கார ஆன்ட்டி தோட்டத்து ஹோஸ் பைப்போடு ஓடி வந்துவிட்டார்.

கழற்றினேன். கழற்றக் கழற்ற வந்ததைக் கேளுங்கள்.

சூட்டில் வெள்ளிப் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகப் பொரிந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் உரிகிறது. அதன் கீழே வேஸ்ட்கேட் (மிகுதிப் புகையைத் திருப்பிவிடும் வால்வு) பக்கம் பழைய விரிசல், அதில் வெல்டிங் வைத்து கிரைண்டரால் சமப்படுத்திய கோடுகள். அந்த வெல்டிங் மறுபடி வாயைப் பிளந்திருக்கிறது, டிக் டிக் அங்கிருந்துதான். காற்றை அழுத்துகிற கம்ப்ரஸர் பக்கத்து முகப்பைக் கழற்றினால் இறக்கைகளின் நுனியில் அரம் போட்ட தடம். எதையோ விழுங்கி நுனி சிதைந்த வீலை ராவிப் பாலிஷ் போட்டிருக்கிறார்கள். ராவிய வீல் சமநிலையில் இருக்குமா? நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற பொருள் அது. பேரிங்கும் சீலும் எத்தனை நேரம் தாங்கும்? கடைசியாக அந்த உற்பத்தி எண் தகடு. துடைக்கத் துணியை வைத்தேன், கையோடு வந்துவிட்டது. ரிவெட் அடித்து இருக்க வேண்டிய தகடு. இங்கே ரிவெட் தலை மாதிரி இரண்டு பொட்டு, பின்னால் பசை. அடியில் காலியாக இரண்டு துளை.

எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பினேன். அடுத்து நடந்தது ஒரு தனி நாடகம்.

முதல் பதில்: 'கவலைப்படாதீங்க ப்ரு, பார்த்துக்கலாம்.' அண்ணாவாக இருந்த நான் அதற்குள் ப்ரு (இந்த ஊர்ப் பேச்சில் 'தம்பி, மச்சான்' மாதிரி) ஆகிவிட்டேன். மறுநாள், புகைக்குக் காரணம் உங்கள் பிசிவி வால்வு (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் வால்வு) என்றார். அந்த இன்ஜினில் பிசிவி கெடும் என்பது உண்மைதான், அதனாலேயே டர்போவோடு சேர்த்துப் புதுசு போட்டிருந்தேன், பில் அனுப்பினேன். அப்புறம் முதலாளி ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) போயிருக்கிறாராம். அன்றைக்குக் கையைப் பிடித்துக்கொண்டவர் முதலாளி இல்லையாம், விற்பனை ஆள்தானாம்! அடுத்து ஒரு பெண் பேசினார்: அங்கீகாரம் பெற்ற வொர்க்ஷாப்பின் பொருத்துச் சான்றிதழ் வேண்டும், வீட்டில் பொருத்தியதற்கு வாரன்டி கிடையாது, சார். கட்டைவிரல் மெசேஜைக் காட்டினேன். அது வாரன்டி பற்றிய பதில் இல்லையாம், 'மெசேஜ் பார்த்தேன்' என்று அர்த்தமாம். நேரில் போனேன். பெயின்ட்டுக்கு அடியில் இருந்த வெல்டிங்கைக் கண்ணெதிரே காட்டினால், 'இது நீங்க பண்ணினது இல்லைன்னு நாங்க எப்படி நம்புறது?' காலண்டரில் முருகன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். சரி, என் பழைய கே03-ஐயாவது கொடுங்கள், காரை ஓடவாவது வைக்கிறேன் என்றேன். அது அன்றைக்கே விற்றுப் போச்சாம்.

கடைசியாக பில்லின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்கள். எறும்பு அளவு எழுத்தில் ஃபூட்ஸ்டூட்ஸ். உள்ளது உள்ளபடி விற்றது, அப்புறம் கேட்கக் கூடாது. முன்பக்கம் 12 மாத வாரன்டி, பின்பக்கம் ஃபூட்ஸ்டூட்ஸ்!

இதெல்லாம் செல்லாது. 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 56-ஆம் பிரிவைப் படியுங்கள். கடை வைத்து விற்கிறவர் கொடுத்த பொருளில் குறை இருந்தால் ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்து, ரிப்பேர், வேறு பொருள், பணம் இவற்றில் எது வேண்டுமோ கேட்கலாம், தேர்ந்தெடுப்பது வாங்கியவர். விற்றவர் சொன்னதற்கு மாறாகப் பொருளை நாம் மாற்றியிருந்தால்தான் விலக்கு. அந்த விலக்கைப் பிடித்துத்தான் 'வீட்டில் பொருத்தினீர்கள்' என்று தொங்குகிறார்கள். விற்கும்போது வீட்டில் பொருத்துகிறவனைத்தான் தேடுகிறார்கள், வொர்க்ஷாப்காரன் முகப்பைக் கழற்றிப் பார்த்துவிடுவான் அல்லவா?

எழுத்தில் கெடு வைத்து டிமாண்ட் லெட்டர் கொடுத்தாச்சு. மோட்டார் துறை ஒம்புட்ஸ்மனுக்கும் (குறைதீர்ப்பாளர்) புகார் போயிருக்கிறது. சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போகலாம், வக்கீல் தேவையில்லை, வைக்கவும் முடியாது. ஆனால் அங்கே கேட்கக்கூடிய உச்சவரம்பு 2019-இல் வைத்த 20,000 ராண்டு. நான் இழந்தது 26,500. அதாவது 6,500-ஐ நானே தலை முழுகிவிட்டு மீதியைக் கேட்க வேண்டும். அதைச் சொல்லவே வயிறு எரிகிறது.

தப்பிக்கும் வழிகளை விவரமாக எழுதுவதாகச் சொன்னேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர்களிடமிருந்து இன்னொரு மெசேஜ், 'உங்கள் மீது வழக்குப் போடுவோம்' என்று. இனி பொறுமையாக எழுத வராது. வேகமாகச் சொல்கிறேன்: பெயின்ட் அடித்த டர்போவை வாங்காதீர்கள், வார்ப்பிரும்பு அதன் நிறத்திலேயே இருக்கட்டும். தகட்டை நகத்தால் நெம்பிப் பாருங்கள். கம்ப்ரஸர் முகப்பைக் கடையிலேயே கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், மாட்டேன் என்றால் வெளியே வந்துவிடுங்கள். பழைய டர்போவை எந்தக் கழிவுக்காகவும் அன்றைக்கே கொடுக்காதீர்கள். கார்டு மெஷின் ரிப்பேர் என்றால் ரிப்பேர் ஆகிற நாளில் வருகிறேன் என்று சொல்லுங்கள். பொருத்துவதை முழுக்க வீடியோ எடுங்கள், எண்ணெய் ஊற்றுவதைக்கூட.

டர்பன், பைன்டவுன், ஃபீனிக்ஸ் பக்கம் யாரிடமாவது நல்ல கே03 இருந்தால் சொல்லுங்கள், ஐந்தாம் தலைமுறை ஜிடிஐயிலிருந்து கழற்றியதாக இருக்க வேண்டும். நேரில் வருவேன், ஸ்பேனரோடு வருவேன். பாதிப் பணம் கையில், மீதி கார் ஓடிய பிறகு. ஊர் எது என்று மட்டும் கேட்காதீர்கள்.