ஆடும் தளமா, அடக்கமான தளமா? கூகுளில் எது எடுபடும்

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலையில் சேலைக்கடை வைத்திருப்பவரோ, பிரிக்ஃபீல்ட்ஸில் மணவறை அலங்காரம் செய்பவரோ வெப்சைட் போடலாம் என்று இறங்கினால், கைக்கு வரும் கொட்டேஷன்கள் பெரும்பாலும் இரண்டு ரகம். முதல் ரகமான ஆடும் தளம் "பாஸ், பார்த்தவங்க அசந்து போயிடுவாங்க" என்று தொடங்கும். முழுத்திரை வீடியோ, விரலால் தள்ளத் தள்ள மடிப்பு விரியும் பட்டு, சுழலும் முப்பரிமாணக் குத்துவிளக்கு. இரண்டாவது ரகமான அடக்கமான தளம் "கூகுளில் முதல் இடம் கேரண்டி" என்று வரும். வெள்ளைப் பின்னணி, ஒரு தலைப்பு, நான்கு பத்தி, ஒரு ஃபோன் நம்பர். (முதல் இடத்துக்குக் கேரண்டி கொடுப்பவரிடம் மேற்கொண்டு பேசாமல் எழுந்து வந்துவிடலாம். அப்படி யாராலும் உறுதி தர முடியாது என்று கூகுளே சொல்லியிருக்கிறது.)

இரண்டு தரப்பும் ஒன்றையொன்று குறை சொல்லும். "அனிமேஷன் போட்டால் கூகுள் படிக்காது" என்பது அடக்கமான கட்சியின் பழைய வசனம். அடோபியின் ஃப்ளாஷ் என்ற மென்பொருளில் அசைவுகளைச் செய்த காலத்தில் அதில் நியாயம் இருந்தது. தளத்தைத் திறந்தால் இசையோடு ஒரு முன்னோட்டம் ஓடும், மூலையில் அதைத் தாண்டிப்போக ஒரு பொத்தான் இருக்கும். 2007இல் வந்த ஐஃபோன் ஃப்ளாஷை ஏற்கவே இல்லை. 2019இல் கூகுள் அதைப் படிப்பதை நிறுத்தியது. 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு அடோபி கையைக் கழுவியது. கதை முடிந்தது, பயம் மட்டும் மிச்சம்.

இன்றைய நிலைமை வேறு. பக்கங்களைத் தானாகப் படித்துவரும் கூகுளின் ரோபோ முதலில் பக்கத்தின் எச்டிஎம்எல்லை, அதாவது சொற்களும் அமைப்பும் எழுதிய அடிப்படைக் கோப்பை, எடுத்துக்கொள்ளும். அப்புறம் வரிசையில் வைத்து, பக்கத்தை இயங்க வைக்கும் நிரலான ஜாவாஸ்கிரிப்டையும் ஓட்டிப் பார்க்கும். 2019 முதல் அது புதிய குரோம் பதிப்பைத்தான் பயன்படுத்துகிறது. ஆனால் அது எதையும் கிளிக் செய்யாது, நம்மைப்போல் விரலால் தள்ளிப் படிக்கவும் செய்யாது. மிக நீளமான ஒரு திரையில் பக்கத்தை ஒரே மூச்சில் திறந்து, அப்போது என்ன தெரிகிறதோ அதைத்தான் எடுத்துக்கொள்ளும். "உள்ளே நுழைய" என்ற பொத்தானை அழுத்திய பிறகே வரும் வாசகம் அதன் கணக்கில் இல்லாத வாசகம். முப்பரிமாணக் காட்சிக்குள் வரைந்த எழுத்தும் அப்படியே. நமக்கு எழுத்து, அதற்கு வெறும் வண்ணப் புள்ளிகள்.

சரி, முதல் ரகத் தளம் ஒன்றை மஸ்ஜித் ஜாமெக் ஸ்டேஷனில் நின்றபடி நடுத்தர விலை ஆண்ட்ராய்டு ஹேண்ட்போனில் திறக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஒரு கோலம் தன்னைத்தானே வரைந்துகொள்கிறது. கீழே 0, 17, 43 என்று சதவீதம் ஏறுகிறது. நூறு வந்ததும் திரை விலகி, "நூலில் நெய்த கவிதை" என்று ஒவ்வோர் எழுத்தாக மிதந்து வருகிறது. வாட்ஸ்அப் பொத்தானைத் தட்டினால் எந்தச் சலனமும் இல்லை. பின்னால் ஜாவாஸ்கிரிப்ட் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது தடவை தட்டப் போகும் நேரத்தில் மேலிருந்து தள்ளுபடி பேனர் இறங்கிப் பொத்தானைக் கீழே தள்ளிவிட, விரல் வேறெதையோ தொட்டுவிடுகிறது.

இந்த மூன்று எரிச்சலையும் கூகுள் அளக்கிறது. கோர் வெப் வைட்டல்ஸ் என்று பெயர். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும். தட்டினால் 200 மில்லிவிநாடிக்குள் திரையில் அசைவு தெரிய வேண்டும் (இது 2024 மார்ச்சில் சேர்ந்த அளவுகோல்). பக்கம் குதிக்கும் அளவு 0.1ஐத் தாண்டக் கூடாது. குரோமில் வரும் உண்மையான பயனர்களின் அனுபவத்தை வைத்து, வருகைகளில் முக்கால் பங்காவது தேற வேண்டும் என்று கணக்கு. அதிலும் கூகுள் இப்போது பட்டியலிடுவது கைப்பேசிப் பதிப்பைத்தான். டிசைனரோ பங்சார் கஃபேயில் மேக்புக்கைத் திருப்பிக் காட்டி ஓகே வாங்கிவிடுகிறார்.

ஆனால் வேகத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குவதும் சரியில்லை. பொருத்தமான விஷயம் இருந்தால், கொஞ்சம் மெதுவான பக்கத்தையும் கூகுள் மேலே காட்டும். ஆடும் தளம் உண்மையில் தோற்பது சொற்களில். மேலே சொன்ன தளத்தில் கவிதை இருக்கிறது. காஞ்சிபுரம் பட்டு என்ற பெயர் இல்லை, ரவிக்கை தைத்துத் தருவார்களா என்ற தகவல் இல்லை, ஞாயிற்றுக்கிழமை கடை உண்டா என்பதும் இல்லை. வாடிக்கையாளர் "கெடாய் சாரி மஸ்ஜித் இந்தியா" என்று மலாயில் தேடுவார், அவர் மகள் ஆங்கிலத்தில் தேடுவாள். இருவருக்கும் பிடி கொடுக்க அங்கே ஒரு சொல் கிடையாது. எல்லாமே ஒரே நீளப் பக்கம் என்பதால் ஒவ்வொன்றுக்கும் தனி இணைய முகவரியும் கிடையாது. முகவரியில் ஹேஷ் குறிக்குப் (#) பின்னால் வருவதைக் கூகுள் தனிப் பக்கமாக எடுத்துக்கொள்வதில்லை.

அடக்கமான தளத்துக்கு வருவோம். அதைப் புனிதமாக்க வேண்டாம். கேமராவிலிருந்து வந்த படத்தைச் சுருக்காமல் அப்படியே ஏற்றினால் ஒவ்வொன்றும் பல எம்பி இருக்கும். அந்தத் தளம் ஆடும் தளத்தைவிட மெதுவாகத் திறக்கும். "கோலாலம்பூரில் சிறந்த சேலைக்கடை" என்று ஒரே பத்தியில் பத்துத் தடவை எழுதும் வழக்கம் இன்னும் போகவில்லை. கூகுள் அதை ஸ்பேம் என்றே வகைப்படுத்துகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, மணவறை அலங்காரக்காரருக்கு இந்தத் தளம் ஒரு வேலையும் செய்யாது. அவரிடம் வருபவர்கள் இன்ஸ்டாகிராமில் பார்த்துவிட்டோ, உறவினர் கல்யாணத்தில் கேட்டுவிட்டோ, பெயரைத் தெரிந்துகொண்டுதான் வருகிறார்கள். பெயரைத் தட்டினால் தளம் எப்படியும் கிடைக்கும். வந்தவரை மயக்குவதுதான் அங்கே மிச்ச வேலை. நான்கு பத்தியால் அது நடக்காது.

ஆகவே வாடிக்கையாளர் எந்த வழியில் வருகிறார் என்று முதலில் கேட்பேன். ஃபெடரல் நெடுஞ்சாலையில் மழையில் டயர் வெடித்து நிற்பவருக்கு அனிமேஷன் எதற்கு? டயர் கடை, கிளினிக், டியூஷன் சென்டர், வாழையிலைச் சாப்பாட்டுக்கடை இவர்களுக்கெல்லாம் அடக்கமான தளமே போதும். அதற்கும் முன்னால், தேடலிலும் வரைபடத்திலும் கடையைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைலில் நேரம், முகவரி, படம் சரியாக இருக்கட்டும். வரைபடத்தோடு வரும் பட்டியலில் பொருத்தமும் தூரமும் பிரபலமும்தான் பேசும்.

சேலைக்கடை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பினாங்கு ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீட்டை விடுதியாக்கியவரும் அப்படித்தான். வெளியூர்க்காரர் தேடித்தான் அவரிடம் வர வேண்டும், வந்தவர் படத்தைப் பார்த்துச் சொக்கவும் வேண்டும். இவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு: சொற்களையெல்லாம் எச்டிஎம்எல்லிலேயே எழுதிவிட்டு, அசைவை அதன்மேல் போர்த்துவது. பட்டுக்கு ஒரு பக்கம், ரவிக்கைத் தையலுக்கு ஒரு பக்கம் என்று தனித்தனி முகவரி. அசைவுகளை டிரான்ஸ்ஃபார்ம் (நகர்த்துவது, சுழற்றுவது, பெரிதாக்குவது), ஒபாசிட்டி (மங்கித் தெளிவது) இரண்டோடு நிறுத்திக்கொண்டால் கைப்பேசி திணறாது. அவற்றை விட்டுப் பெட்டிகளின் உயரத்தையும் இடத்தையும் நேரடியாக மாற்றி அசைத்தால் பக்கம் முழுவதையும் ஒவ்வொரு கணமும் அளந்து அடுக்க வேண்டியிருக்கும். கிஃப் வேண்டாம், அதே காட்சி எம்பி4இல் பல மடங்கு சிறியதாக வரும். சின்னச் சின்ன ஐகான்களுக்கு லாட்டி என்ற இலகுவான அனிமேஷன் வடிவம் நன்றாகப் பொருந்தும். சுழலும் குத்துவிளக்கு இருந்தே ஆக வேண்டுமா? முதலில் ஒரு படம் நிற்கட்டும், தொட்டவருக்கு மட்டும் அது சுழலட்டும். அசைவு ஒத்துக்கொள்ளாமல் தலைசுற்றுபவர்கள் கைப்பேசியில் அதைக் குறைத்து வைத்திருப்பார்கள். தளம் அந்த அமைப்பை மதித்து நடக்க வேண்டும்.

தமிழ்த் தலைப்புகளில் ஒரு தனிச் சிக்கல். டிசைன் மென்பொருளில் தமிழை ஒட்டினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறும். அதற்கான எழுத்து அமைப்பை மாற்றத் தெரியாதவர், வேறெங்கோ அடித்ததைப் படமாக்கி ஒட்டிவிடுவார். பார்வைக்குக் குறையில்லை, ஆனால் "முகூர்த்தப் பட்டு" என்ற தலைப்பு எழுத்தாகப் பக்கத்தில் இல்லை. கூகுள் எழுத்துருக்களில் கட்டமரான், ஹிந்த் மதுரை, முக்தா மலர் என்று அழகான யூனிகோடு தமிழ் இருக்கும்போது இது தேவையே இல்லை. எழுத்துரு வந்து சேரும்வரை கைப்பேசியின் சொந்தத் தமிழ் தெரியட்டும் என்று விடலாம். இரண்டின் உயரமும் வேறுபட்டால் வரி குதிக்கும். அதை மட்டும் முன்கூட்டியே சரிசெய்யச் சொல்லுங்கள்.

மூன்றாவது வழி கூடுதல் வேலை. அதனால் முதல் இரண்டைவிட விலை ஏறலாம். சில டிசைனர்கள் "அதெல்லாம் பிறகு பார்த்துக்கலாம், அண்ணே" என்பார்கள். வெறும் டிவ்வை (எச்டிஎம்எல்லில் தனி அர்த்தமில்லாத பெட்டி) மட்டும் வைத்துக் கட்டிய தளத்தில் பிறகு சொற்களைச் சேர்ப்பது பாதித் தளத்தை மறுபடி கட்டும் வேலை. கடைசித் தவணை வெள்ளியை எடுத்து வைக்குமுன் தளத்துக்காரருக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில், ஒரு பக்கத்தைச் சோதிக்கும் யூஆர்எல் இன்ஸ்பெக்ஷனை உங்கள் எதிரிலேயே நேரடிச் சோதனையாக ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கூகுள் பார்த்த பக்கம் அங்கே எச்டிஎம்எல்லாகவும் படமாகவும் வரும். அதில் உங்கள் கடைப் பெயர், சாலைப் பெயர், விற்கும் பொருள் மூன்றும் எழுத்தாக இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். சர்ச் கன்சோல் கணக்கும் டொமைனும் (தளத்தின் இணையப் பெயர்) டிசைனர் பெயரில் இல்லாமல் உங்கள் பெயரில் இருக்கிறதா என்பதையும் அதே நாற்காலியில் உட்கார்ந்தபடியே கேட்டுவிடுங்கள்.