மெர்க்கூர் 34சி: சென்னைத் தண்ணீரில் ஒரு ஜெர்மன் ரேசர்

தன் முகத்தைத் தானே ஒழுங்காக மழித்துக்கொள்ளத் தெரிவது ஆண்மகனுக்கு அழகான பழைய கைத்திறன் என்று சொல்லித்தான் மெர்க்கூர் 34சி போன்ற, ஒற்றை பிளேடு பொருத்தும் உலோக ரேசர்களை இப்போது விற்கிறார்கள். நம் ஊரைப் பொறுத்தவரை இதில் பாதிதான் உண்மை. சில தலைமுறைகளுக்கு முன்பு வரை இங்கே சவரம் என்பது நாவிதரின் தொழில். திண்ணையிலோ மரத்தடியிலோ அவர் முன்னால் உட்கார்ந்து முகத்தைக் கொடுப்பதுதான் மரபாக இருந்தது. கத்தி பிடிக்கும் திறன் முழுவதும் அவரிடமே இருந்தது; அதற்குரிய மரியாதையை ஊர் அவருக்குக் கொடுத்ததா என்பது தனிக்கதை. மெல்லிய, பயன்படுத்தித் தூக்கி எறியக்கூடிய பிளேடுக்கும் அதைப் பொருத்தும் ரேசருக்கும் கிங் கேம்ப் ஜில்லெட் என்ற அமெரிக்கர் 1904-இல் காப்புரிமை பெற்ற பிறகே, சாமானியரும் அச்சமின்றித் தாமே மழித்துக்கொள்ளும் நிலை பரவலாயிற்று. ஆகவே பாரம்பரியப் பெருமையை ஓரமாக வைத்துவிட்டுக் கருவியைப் பார்ப்போம்.

கத்திகளுக்குப் பெயர்பெற்ற ஜெர்மனியின் சோலிங்கன் நகரத் தயாரிப்பு இந்த மெர்க்கூர் 34சி. 80 கிராமுக்குச் சற்றுக் குறைவான எடை, கட்டையான கைப்பிடி, சொரசொரப்பான பிடிமானம். அடியில் உள்ள திருகைச் சுழற்றினால் மேல்மூடி மட்டும் தனியாக வரும்; பிளேடை வைத்துத் திரும்பத் திருகினால் வேலை முடிந்தது. மூன்று துண்டாகக் கழலும் ரேசர்களை ஈரக் கையோடு வாஷ்பேசின் மேல் பிரித்துப் பழகியவர்களுக்கு இதன் அருமை புரியும். தலைப்பகுதி பித்தளையன்று, குரோமியம் பூசிய துத்தநாகக் கலவை. கல் தரையில் விழாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

பல அடுக்கு பிளேடு கொண்ட பிளாஸ்டிக் ரேசரில் அழுத்தி இழுத்துப் பழகிய கைக்கு முதல் பாடமே அழுத்தாமல் இருப்பதுதான். மேல்மூடியைக் கன்னத்தில் படிய வைத்து, பிளேடு தோலைத் தொடும் வரை கைப்பிடியை மெல்லக் கீழே இறக்கினால், ஏறத்தாழ 30 பாகைக் கோணம் தானாகவே அமையும். பிறகு ரேசரின் எடையே மழித்துவிடும், கை வழிகாட்டினால் போதும். முதலில் முடி வளரும் திசையில் ஒருமுறை, மீண்டும் நுரை பூசிக் குறுக்காக ஒருமுறை. கழுத்தில் முடி எந்தப் பக்கம் சாய்ந்து வளர்கிறது என்பதை விரலால் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ளாதவர்கள் அங்கே எதிர்த்திசையில் இழுக்காமல் இருப்பதே நலம். நிதானம் இல்லாதவரை இந்த ரேசர் உடனுக்குடன் தண்டித்துவிடும்; நான் இதில் மெச்சுவதும் அதைத்தான்.

சென்னையில் இந்த ரேசரைப் பற்றிய முறையீடுகளில் பெரும்பகுதி உண்மையில் தண்ணீரைப் பற்றியவை. திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளின் போர்வெல் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைப் படிவமாகிவிடும், பிளேடு வழுக்கிச் செல்வதற்கான பசை முகத்தில் நிற்காது, எரிச்சல்தான் மிஞ்சும். இதற்கு வெளிநாட்டு கிரீம் தேவையில்லை. நுரை எழுப்புவதற்கு மட்டும் ஒரு டம்ளர் கேன் தண்ணீரோ மெட்ரோ வாட்டரோ எடுத்துக்கொண்டால், உள்ளூர் ஷேவிங் சோப்பும் ஒரு பிரஷ்ஷுமே போதும். முகம் கழுவுவதற்கு எந்தத் தண்ணீராயினும் சரி. கடைசியில் ஈரமான படிகாரக் கட்டியைத் தேய்த்தால், எங்கெல்லாம் அழுத்திவிட்டோம் என்பதை அது எரிந்தே காட்டிக்கொடுக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ரேசரையும் பிரஷ்ஷையும் குளியலறையிலேயே விட்டுவைப்பது துருவுக்கும் பூஞ்சைக்கும் விருந்து வைப்பதாகும். உதறி, காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும்.

விலை, கடைத்தெருவில் கிடைக்கும் சாதாரண ரேசரைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் அதன் பிறகு செலவு பிளேடுக்கு மட்டுமே. அதுவும் சில ரூபாய்தான், ஒன்று நான்கைந்து சவரத்துக்கு வரும். தொடக்கத்தில் டோபாஸ் போன்ற சாதுவான பிளேடு போதும். ஜப்பானிய ஃபெதரின் கூர்மை கை பழகியவர்களுக்குரியது. பழைய பிளேடை அப்படியே குப்பையில் போடுவதுதான் இந்தப் பழக்கத்தில் எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது, ஏனெனில் இந்நகரத்தில் குப்பையைப் பிரிப்பது பெரும்பாலும் தூய்மைப் பணியாளரின் வெறுங்கை. மூடியில் பிளவு போட்ட ஒரு தகர டப்பாவில் சேர்த்து, நிறைந்ததும் மூடியை ஒட்டி, உள்ளே பிளேடு இருக்கிறது என்று சொல்லித் தனியாகக் கொடுக்கலாம்.

காலையில் ஐந்தே நிமிடத்தில் முகம் மழித்து மின்சார ரயிலைப் பிடிக்க ஓடுபவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முகப்பரு உள்ள இளைஞர்களும் சற்றுக் காத்திருக்கலாம். மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில், அவசரமில்லாத நேரத்தில் தொடங்கட்டும்.