கிழிந்த டூவேயும் ஒரு பானைப் பருப்பும்: சூட்டுப் பையோடு மூன்று வருஷம்

எங்கள் வீட்டுக்கு முதல்முறை வருகிறவர்கள் அடுக்களை மூலையில் இருக்கும் அந்த மூட்டையைப் பார்த்துவிட்டு, அழுக்குத் துணி என்றுதான் நினைப்பார்கள். போன தீபாவளிக்கு வந்த ஒரு சின்னம்மா அதன் மேல் உட்காரவே போய்விட்டார். உள்ளே நாலு லிட்டர் கொதிக்கும் சாம்பார் இருந்தது. நான் போட்ட சத்தத்தில் அவர் பயந்ததுதான் மிச்சம்.

அது சூட்டுப் பை. பேர் நான் வைத்தது. வைக்கோல் பெட்டிச் சமையல் என்று பழைய காலத்தில் செய்தார்களே, அதே சங்கதிதான். பானையை அடுப்பில் நன்றாகக் கொதிக்கவிட்டு, இறக்கி, சூடு வெளியே போகாதபடி பொதிந்து வைத்துவிட்டால் மீதி வேக்காடு தானாக நடக்கும். கடையில் வொண்டர்பேக் என்று விற்கிறார்கள். நான் இப்போது இருக்கும் தென்னாப்பிரிக்காவிலேயே 2008இல் தொடங்கியதுதான் அது. நானும் ஒருநாள் கையில் எடுத்து அமுக்கிப் பார்த்தேன். உள்ளே மெத்துமெத்தென்று ஏதோ துகள், வெளியே துணி, சுருக்கு நாடா. வீட்டில் கிழிந்த டூவே, அதாவது பஞ்சு அடைத்த போர்வை, ஒன்று பீரோ மேல் தூங்குகிறதே என்று ஞாபகம் வந்தது. வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நான் சங்கரன்கோவில் பக்கம். 2009இல் கல்யாணமாகி இங்கே டர்பன் நகரத்துக்கு, அதன் சாட்ஸ்வொர்த் பகுதிக்கு வந்தவள். இங்கே மாமியாரை 'மா' என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே பழகிவிட்டேன். மாவுக்குத் தமிழ் புரியும். பதில் பாதி இங்கிலீஷில் வரும். பையைத் தைத்தது 2022இல். அந்த வருஷம் ஏப்ரல் வெள்ளத்தில் குழாயெல்லாம் உடைந்து பல நாள் தண்ணீர் இல்லாமல் கிடந்தோம். அதற்கப்புறம் லோட் ஷெடிங், அதாவது முறை வைத்துச் செய்கிற மின்வெட்டு, சக்கைபோடு போட்டது. சாயங்காலம் ஆறு மணிக்குக் கரண்ட் போகும் என்று அட்டவணை சொன்னால், அஞ்சே முக்காலுக்கு வீட்டில் எல்லாரும் ஓட்டப்பந்தயம் ஓடுவோம். எங்களுடையது கரண்ட் அடுப்பு. பாதி வெந்த கடலைக்கறியோடு இருட்டில் நின்றிருக்கிறேன், அந்தக் கோபத்தில் தைத்ததுதான் இது.

முதலில் செய்தது இதுவல்ல, அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். மீன் கடையில் கேட்டு ஒரு தெர்மாகோல் பெட்டி வாங்கி வந்தேன். கழுவி, வெயிலில் காயவைத்து, கொதிக்கிற பானையை நேராக உள்ளே இறக்கினேன். தெர்மாகோல் நூறு டிகிரிக்குக் கிட்டத்தில் இளகிவிடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் பானை பெட்டியோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. வீடு முழுக்க மீன் வாடையும் பிளாஸ்டிக் வாடையும். என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, ஜன்னலை மட்டும் திறந்துவிட்டார்.

டூவேயில் செய்தது இப்படி. இரட்டைக் கட்டிலுக்கான பழைய பாலியஸ்டர் டூவே, ஒரு பக்கம் கிழிசல். அதிலிருந்து பானையைச் சுற்றிப் பொதிகிற அகலத்துக்கு ஒரு சதுரம் வெட்டி, உள்ளே இருக்கும் பஞ்சு ஒருபக்கமாக ஒதுங்காமல் இருக்கக் கட்டம் கட்டமாகத் தையல் போட்டேன். வெளியுறை ஹாலில் தொங்கிய பழைய கர்ட்டன். கனமான துணி, நாடா கோர்க்க ஏற்கெனவே மடிப்பும் இருந்தது. மிச்சப் பஞ்சில் இரண்டு தலையணை: ஒன்று பானைக்கு அடியில், ஒன்று மேலே. மேல் தலையணை கொஞ்சம் பெரிதாக, ஓரம் வரை அடைக்கிற மாதிரி இருக்க வேண்டும். சூடு பெரும்பாலும் அங்கேதான் தப்புகிறது. இவ்வளவுக்கும் நடுவே, பானையைத் தொடும் இடத்தில், ஒரு பழைய காட்டன் பெட்ஷீட் உறை. அது தனியாகக் கழன்று வரும். இந்த ஒரு யோசனை ஆறு மாசம் கழித்துத்தான் எனக்கு வந்தது, அதற்குள் ஒரு பையைக் கெடுத்துவிட்டேன்.

கெடுத்தது பூஞ்சை. டர்பன் கோடையில் துணி காயாமல் நாறும் என்பது இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். பானை மூடியிலிருந்து கசியும் ஆவி பஞ்சுக்குள் இறங்கி, நான் பையை மூட்டை கட்டி அப்படியே வைத்ததில், மார்ச் மாதம் பார்த்தால் உள்ளே மிளகு தூவினாற்போல் கருப்புப் புள்ளி. அந்தப் பஞ்சை அப்படியே தூக்கிப் போட்டேன். நல்லவேளை, டூவே பெரியது. இன்னொரு சதுரம் வெட்ட இடம் இருந்தது. இப்போது ஒவ்வொரு தடவையும் பானையை எடுத்ததும் பையை விரித்துக் கொடியில் போடுகிறேன். மழைக்காலத்தில் அது ஒரு தொல்லைதான். இதை மறைக்கக் கூடாது. உலர்த்த நேரமில்லாதவர்கள் இதில் இறங்க வேண்டாம்.

எப்படி வேகிறது? சாதம் பிரமாதம். ஒரு கொதி, அஞ்சு நிமிஷம், பைக்குள் போட்டால் முக்கால் மணி நேரத்தில் பொலபொலவென்று இருக்கும். அடிப்பிடிப்பு என்ற பேச்சே இல்லை. துவரம் பருப்பு பத்து நிமிஷம் கொதித்து, ரெண்டு மணி நேரம் பையில் இருந்தால் மத்துக்கு வேலையில்லை. ஆட்டுக்கறிக்கு இருபது நிமிஷக் கொதியும் நாலு மணி நேரமும் வேண்டும். எலும்பிலிருந்து கழன்று வரும், ஆனால் குழம்பு சுண்டாது, தண்ணியாகவே நிற்கும். கடைசியில் திறந்து அடுப்பில் வற்றவைக்க வேண்டியிருக்கிறது. இங்கே பிரியாணியில் கறுப்பு மைசூர்ப் பருப்பும் உருளைக்கிழங்கும் போடுவார்கள். அதற்குத் தம் போட இந்தப் பையை விட்டால் வேறில்லை. மாவே ஒத்துக்கொண்டார்.

சுகர் பீன்ஸ் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். டர்பன் தமிழ் வீடுகளில் சுகர் பீன்ஸ் கறி இல்லாத வாரம் கிடையாது. இது ராஜ்மாவின் இனம். இந்த இனப் பயறுகளில் ஒரு நச்சுப் புரதம் உண்டு, ராஜ்மாவில் அதிகம். நூறு டிகிரியில் குறைந்தது பத்து நிமிஷம் கொதித்தால்தான் அது அழியும். எண்பது டிகிரியில் மெதுவாக வேகவைத்தால் அழியாது. பயறு மெத்தென்று ஆகியிருக்கும், வயிறு மட்டும் புரட்டி எடுக்கும். பையில் நடப்பதோ முழுக்க முழுக்க அந்த மெதுவான வேக்காடுதான். அதனால் ராத்திரி ஊறவைத்து, ஊறின தண்ணியைக் கொட்டி, புதுத் தண்ணியில் பதினைந்து நிமிஷம் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகுதான் பைக்குப் போகும். இதில் மட்டும் நான் சிக்கனம் பார்ப்பதில்லை.

இன்னொரு பாடம் ஒரு டம்ளர் பருப்பில் கிடைத்தது. காலை ஏழு மணிக்குச் சின்னச் சட்டியில் வைத்துவிட்டு வெளியே போனேன். சாயங்காலம் ஆறுக்குத் திறந்தால் நுரை கட்டி, புளித்த வாடை. கொட்ட வேண்டியதாயிற்று. பிறகு ஒரு சமையல் தெர்மாமீட்டர் வாங்கி அளந்தேன். நாலு லிட்டர் பானை நிறைய இருந்தால் நாலு மணி நேரம் கழித்தும் 74 டிகிரி, ஆறாவது மணியில் 66. அதே பையில் அரைச் சட்டி வைத்தால் நாலு மணி நேரத்திலேயே 55தான். அறுபதுக்குக் கீழே இறங்கினால் கிருமிக்குக் கொண்டாட்டம். ஆக, பானை முக்காலுக்கு மேல் நிறைந்திருக்க வேண்டும், ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும், எடுத்ததும் ஒரு கொதி. ரெண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு இந்த அளவுப் பை ஒத்துவராது, சின்னதாகத் தைக்க வேண்டும். மூன்று கால் இரும்புப் பானை இங்கே எல்லார் வீட்டிலும் உண்டு, ஆசையாக அதை வைத்துப் பார்த்தேன். கால் பஞ்சைக் குத்திக் கிழித்ததுதான் மிச்சம்.

கரண்ட் கணக்கு கேட்பவர்களுக்கு: எங்கள் வீட்டில் பிரீபெய்டு மீட்டர், யூனிட் குறைவது கண்ணுக்குத் தெரியும். அடுப்பிலேயே சுகர் பீன்ஸ் வேகவைத்தபோது ஒன்றரை யூனிட்டுக்கு மேல் போனது. பையில் வைத்தால் முக்கால் யூனிட்டைத் தாண்டவில்லை. மூன்று தடவை அளந்து பார்த்துத்தான் சொல்கிறேன். இதனால் மாடி வீடு கட்ட முடியாது. வாரம் நாலு தடவை என்று வைத்தால் மாசக் கடைசியில் ரெண்டு மூன்று நாள் கூடுதலாக ஓடுகிறது, அவ்வளவே.

2024 மார்ச் கடைசியில் லோட் ஷெடிங் ஏறக்குறைய நின்றுவிட்டது. அடுத்த வருஷத்தின் முதல் பாதியில் சில தடவை எட்டிப் பார்த்ததோடு சரி. இருட்டுக்காகச் செய்ததெல்லாம் அப்போது ஒவ்வொன்றாகப் பரணுக்குப் போனது: ஜாம் பாட்டில் விளக்கு, கார் பேட்டரியில் இவர் கட்டிய ஏதோ ஒன்று. பை போகவில்லை. காரணம் சமையல்கூட இல்லை, இட்லி மாவு.

ஜூன், ஜூலையில் ராத்திரி இங்கே பத்து பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கும். வந்த புதிதில் குளிர்காலம் முழுக்க எனக்கு இட்லி கல்லாகத்தான் வந்தது. ஊரில் அம்மா தயிர்ச் சட்டியை அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பார். அதே நினைப்பில் ஒருநாள் மாவுப் பாத்திரத்தைப் பைக்குள் வைத்து, பக்கத்தில் ரெண்டு லிட்டர் கோக் பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றிச் செருகினேன். காலையில் மாவு பொங்கித் தலையணையைத் தொட்டுவிட்டது. வழிந்ததைத் துடைக்க அரைமணி நேரம் ஆனாலும் அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் தனி. அதற்கப்புறம் பெரிய பாத்திரத்தில் பாதி மாவு. தயிரும் அப்படியே.

ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போதும் இதுதான். இங்கே கேழ்வரகு இல்லை, மக்காச்சோள மாவுக் கூழ். முன்பெல்லாம் விடியக்காலம் எழுந்து கிளற வேண்டும். இப்போது ராத்திரியே கிளறிப் பைக்குள் வைத்துவிட்டுத் தூங்குகிறேன். எப்படியும் புளிக்கப்போகிற கூழ், அதற்கு அந்த ஆறு மணி நேரக் கணக்கு கிடையாது. மா அன்றைக்குத்தான் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார். கரும்புத் தோட்டத்து லயத்தில் விறகடுப்பு, ராத்திரி அணைந்த பிறகு கணகணக்கும் சாம்பலுக்குள் பானையைப் புதைத்துவிடுவாராம். "இது நியூ திங் இல்லை மா, ஓல்ட் திங்" என்றார். இப்போது தினமும் சாயங்காலம் அடுக்களைக்குள் எட்டிப் பார்த்து, "பானை தூங்குதா?" என்று கேட்கிறார்.

வீட்டில் செய்த மற்ற சிக்கனங்கள் பெரும்பாலும் தேறவில்லை. சோப்புத் துண்டுகளை உருக்கிப் புதுச் சோப்பு செய்தேன். உருக்கின கரண்ட்டுக்கு நாலு சோப்பு வாங்கலாம். எலுமிச்சைத் தோல் வினிகர் கண்ணாடி துடைக்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எறும்பு வருகிறது. ஐஸ்கிரீம் டப்பா மட்டும் இந்த ஊரில் சாகாவரம் பெற்றது. ஃப்ரீஸரில் ரெண்டு லிட்டர் வெனிலா டப்பாவைப் பார்த்து ஆசையாகத் திறந்து, கறிவேப்பிலையோ உரித்த பூண்டோ கண்டு ஏமாறாத பிள்ளை டர்பனில் இருக்க முடியாது. வெள்ளத்துக்கப்புறம் பழகின ஒன்று, குடிதண்ணீருக்குப் பத்துக் கோக் பாட்டில் எப்போதும் கட்டிலுக்கு அடியில். ரெண்டு வாரத்துக்கொரு தடவை செடிக்கு ஊற்றிவிட்டுப் புதிதாகப் பிடிக்கிறேன்.

பையின் இன்றைய நிலை: வெளியுறை கர்ட்டன் அடியில் நைந்துவிட்டது, நாடா ரெண்டு தடவை மாற்றியாகிவிட்டது. உள் பஞ்சு முன்பைவிடத் தட்டையாக இருக்கிறது. போன மாசம் அளந்தபோது நாலு மணி நேரம் கழித்து 70தான் காட்டியது. இன்னொரு அடுக்கு சேர்க்க வேண்டும். இவருடைய டூவேயின் ஓரத்தில் ஒரு சின்னக் கிழிசல் தெரிகிறது. நான் அதைத் தைத்துக் கொடுக்காமல் ஆறு வாரமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.