தாழப் பறக்கக் கற்றுத்தருவது: 3,000 அடியிலா, 200 அடியிலா?

நியூசிலாந்தில் கேன்டர்பரி சமவெளியில் விமானம் ஓட்டக் கற்றுத்தருகிறேன். இங்கே ஊர்களுக்கு வெளியே பறக்கும்போதும் பொதுவாக 500 அடிக்குக் கீழே இறங்கக்கூடாது. பயிற்சிக்கென்று தனியாகக் குறித்துவைத்த ‘லோ ஃபிளையிங் ஸோன்’களில் இறங்கலாம். மேகம் தாழ்ந்து பள்ளத்தாக்கு அடைபட்டுப் போனால் பதறாமல் திரும்பி வரத் தெரிய வேண்டும், அதற்குத்தான் இந்தப் பாடம்.

கற்றுத்தர இரண்டு வழி. 3,000 அடியில் நின்றுகொண்டு, “2,800தான் தரை என்று நினைத்துக்கொள்” என்று சொல்லிப் பழக்கலாம். அல்லது ஸோனுக்குள் நிஜமாகவே 200 அடிக்கு இறங்கலாம். முதல் இரண்டு வருடம் நான் முதல் வழியில்தான் போனேன். இப்போது மாறிவிட்டேன்.

உயரத்தில் பழகுவதன் சௌகரியம் தெரிந்ததுதான்: பிசகினால் சரிசெய்ய இடமிருக்கிறது, ஸோன் வரை போய்வரும் எரிபொருளும் மிச்சம். கைவேலை முழுவதையும் அங்கேயே கற்றுவிடலாம். ஃபிளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் தகடு) ஒரு படி இறக்கி, வேகத்தை 70 ‘நாட்’டுக்கு (knot, விமான வேகத்தின் அலகு) குறைத்துத் திரும்புவது அதில் முக்கியம். 30 டிகிரி சாய்வில் 100 நாட்டில் திரும்பினால் வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 930 மீட்டர். 70 நாட்டில் அது சுமார் 460. குறுகிய பள்ளத்தாக்கில் இது உயிர் போகிற வித்தியாசம். இதைப் புரியவைக்க 3,000 அடியே போதும்.

மேலே கற்றுத்தரவே முடியாத ஒன்று உண்டு: காற்று கண்ணை ஏமாற்றுவது.

20 நாட் காற்றில் 70 நாட்டில் பறக்கிறோம். எதிர்க்காற்றில் தரை 50 நாட்டில் நகரும், பின்காற்றில் 90. உயரத்தில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே படாது. 200 அடியில் பின்காற்றில் பைன் மர வேலிகள் விர்ரென்று பின்னால் ஓடும், வேகம் கூடிவிட்டதென்று கை தானாக த்ராட்டிலை இழுத்து இன்ஜினைக் குறைக்கும். போன மாதம் ஒரு மாணவர் அப்படித்தான் இழுத்தார். நான் எதுவும் சொல்லாமல் வேகமானி முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்: 70, 65, 61. அவர் பார்வையோ வெளியே.

இதைவிட மோசம் ரடர், அதாவது காலால் மிதித்து இயக்கும் வால் சுக்கான். எதிர்க்காற்றிலிருந்து வலப்பக்கம் திரும்பும்போது காற்று விமானத்தை வட்டத்தின் உள்பக்கம் தள்ளும். உள்ளே சறுக்குவதுபோல் தெரியும், சரிசெய்வதாக நினைத்து வலது காலை அழுத்துவார்கள். விமானம் சறுக்காமல் திரும்புகிறதா என்று காட்டும் கருவியில் உள்ள பந்து இடப்பக்கம் ஓடும். வேகமும் குறைந்திருந்தால் ஸ்டாலாகி, அதாவது தூக்குவிசையை இழந்து, வலது இறக்கை கவிழும், மீட்க 200 அடி போதாது. “பந்தைப் பாருங்க, தம்பி” என்றதும் அவர் குனிந்து பார்த்து, “சரியாத்தானே திருப்பினேன் சார்!” என்றார். அந்த ஆச்சரியத்தை 3,000 அடியில் வரவழைக்க என்னால் முடிந்ததில்லை.

ஸோனில் ஆபத்து இல்லாமல் இல்லை. மின்கம்பி கண்ணில் படாது, கம்பம்தான் படும். அதனால் கம்பத்துக்கு நேர் மேலே கடக்கப் பழக்குகிறேன். ஸோனைக் கவனித்துக்கொள்கிறவர்களிடம் விவரம் கேட்காமல் உள்ளே போவதும் கிடையாது.

இத்தனையும் செஸ்னா 152, 172 என்ற சிறிய விமானங்களை ஓட்டிய அனுபவத்தில் சொல்வது. ஹெலிகாப்டர்காரர்கள் வேறு மாதிரி சொல்லலாம். சிமுலேட்டரில் இரண்டு முறைதான் முயன்றேன். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை.

இப்போது என் கணக்கு: மேலே ஒரு வகுப்பு, ஸோனில் மூன்று. வடமேற்குக் காற்று 25 நாட்டுக்கு மேல் வீசும் என்றால் போவதில்லை. 10க்குக் கீழே என்றாலும் முடிந்தவரை தள்ளிப்போடுகிறேன்; அன்றைக்கு அங்கே காட்ட ஒன்றும் இருக்காது.