பலத்த காற்றுக்குக் காந்த லென்ஸ் பனிச்சறுக்குக் கண்ணாடி எப்படி?

லென்ஸ் காந்தத்தால் சட்டத்தில் ஒட்டிநிற்கும் இந்த வகைக் கண்ணாடி காற்று நாளில் நன்றாகவே கைகொடுக்கிறது. மூன்றடுக்கு நுரைப்பட்டை கன்னத்தோரம் பனித்தூளைப் புகவிடுவதில்லை. ஹெல்மெட்டுக்கும் சட்டத்துக்கும் இடையில் சந்து இருந்தால் நெற்றி விறைத்துவிடும். ஹெல்மெட்டோடு போட்டுப் பார்த்தே வாங்குங்கள்.

பனித்தூள் பறக்கும்போது வெளிச்சம் மங்கி மேடுபள்ளம் தெரியாது. அப்போது 43 முதல் 80 சதவீதம் ஒளியை விடும் எஸ்1 லென்ஸ்தான் சரி. காந்தம் என்பதால் கையுறையோடே மாற்றலாம். ஆனால் சரிவில் மேலே ஏற்றிச்செல்லும் நாற்காலி லிஃப்டில் உட்கார்ந்தபடி மாற்றவே மாற்றாதீர்கள். சட்டத்தின் விளிம்பில் ஈரப்பனி ஒட்டினால் லென்ஸ் சரியாகப் பொருந்தாது, நீங்கள் விழுந்தால் கழன்று ஓடிவிடும். பக்கக் கொக்கியும் உள்ளதே நல்லது.

கழுத்துத் துணியைச் சட்டத்துக்குள் செருகினால் மூச்சு மேலேறி உள்லென்ஸில் ஆவி படியும். கையுறையால் தேய்த்தால் ஆவி படியாமல் காக்கும் பூச்சு போய்விடும், மென்துணியால் ஒற்றியெடுங்கள்.