டேட்டா சென்டரின் பசிக்கு எந்த மின்சாரம்?

டேட்டா சென்டருக்கு இரவு பகல் கிடையாது. சர்வர்கள் ஓடிக்கொண்டே இருக்கும், அவற்றைக் குளிர்விக்கும் இயந்திரங்களும் கூடவே ஓடும். 2024இல் உலகின் டேட்டா சென்டர்கள் இழுத்த மின்சாரம் சுமார் 415 டெராவாட் மணி, அதாவது 41,500 கோடி யூனிட் என்கிறது சர்வதேச எரிசக்தி முகமை. 2030க்குள் அது இரண்டு மடங்கைத் தாண்டும் என்றும் கணிக்கிறது. இவ்வளவு பெரிய பசிக்கு யூனிட் விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. இந்த மின்சாரம் எந்த இடத்தில் அறுந்துபோகும் என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

எரிவாயுவை எடுத்துக்கொள்வோம். வேண்டும்போது கூட்டலாம், குறைக்கலாம், பழகிய தொழில்நுட்பம். ஆனால் 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் நடந்ததை மறக்க முடியாது. கடுங்குளிரில் கிணற்று முகப்புகள் உறைந்து வாயு வரத்து குறைந்தது. வாயு இல்லாமல் மின்நிலையங்கள் படுத்தன. மின்வெட்டு வந்ததும், வாயுவை எடுத்துத் தள்ளும் கருவிகள் பலவற்றுக்கும் கரண்ட் போனது. வரத்து இன்னும் குறைந்தது. ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு விழுந்தன. மறு ஆண்டு ஐரோப்பாவுக்கு ரஷ்யா வாயுவைக் குறைத்தபோது, குழாயின் மறுமுனையில் யார் கை இருக்கிறது என்பதும் புரிந்தது.

புவிவெப்பத்தில் அந்த மறுமுனையே இல்லை. நிலத்தடியில் சூடான பாறையிலிருந்து கிணறு வழியே சுடுநீர் மேலே வருகிறது. பென்டேன் போன்ற, சீக்கிரம் கொதிக்கும் திரவத்தை ஆவியாக்குகிறது. அந்த ஆவி டர்பைனைச் சுற்றுகிறது. ஆறிய நீர் இன்னொரு கிணறு வழியே பாறைக்கே திரும்புகிறது. கப்பலும் வேண்டாம், எல்லை தாண்டிய குழாயும் வேண்டாம்.

சரி, சிக்கல் எங்கே? எல்லாப் பணத்தையும் முன்கூட்டியே மண்ணுக்குள் போட வேண்டும். தோண்டிய பிறகுதான் சூடும் நீரோட்டமும் போதுமா என்று தெரியும். கிடைத்த வளமும் அள்ள அள்ளக் குறையாதது அல்ல. கலிஃபோர்னியாவின் தி கீசர்ஸ் புவிவெப்பக் களத்தில் 1980களின் இறுதியில் நீராவி அழுத்தம் சரிந்தது. 1997 முதல் அருகிலுள்ள ஊர்களின் சுத்திகரித்த கழிவுநீரைக் குழாயில் கொண்டுவந்து உள்ளே செலுத்துகிறார்கள். பாறைக்குள் நீரை அழுத்துவதால் நிலம் அதிர்வதும் உண்டு. 2006இல் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரப் புவிவெப்பத் திட்டம் அப்படித்தான் நின்றது.

எண்ணெய், எரிவாயுத் துறையின் கிடைமட்டத் துளையிடலை அமெரிக்காவின் ஃபெர்வோ நிறுவனம் புவிவெப்பத்துக்குக் கொண்டுவந்திருப்பது எனக்குப் பெரிய நம்பிக்கை தருகிறது. ஆனால் நெவாடாவில் 2023இல் அது தொடங்கிய நிலையம் 3.5 மெகாவாட்தான். பெரிய டேட்டா சென்டர் ஒன்றே 100 மெகாவாட் கேட்கும்.

அணு உலையில் ஒருமுறை எரிபொருள் நிரப்பினால் ஒன்றரை, இரண்டு ஆண்டு ஓடும். வரத்து அறுந்துபோகாத பாதுகாப்பில் புவிவெப்பத்துக்கு நிகரான போட்டி இதுதான். ஆனால் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் வோக்டில் அணுமின் நிலையத்தின் இரண்டு புதிய உலைகள் ஏழு ஆண்டு தாமதமாகி, 3,000 கோடி டாலருக்கு மேல் விழுங்கின. சூரிய மின்சாரம் மலிவு, சீக்கிரம் அமைக்கலாம். நான்கு மணி நேர பேட்டரி மாலையைத் தாண்ட உதவும், மூன்று நாள் மேகமூட்டத்தை அல்ல.

என் தேர்வு புவிவெப்பம்தான், சூடான பாறை ஆழமில்லாமல் கிடைக்கும் இடங்களில். வெப்பத்தைத் தொலைதூரம் கொண்டுபோக முடியாது. ஆனால் உடனடி பதில் தேவைப்படாத கணினி வேலைகளை, ஏஐ மாதிரிகளைப் பயிற்றுவிப்பதுபோல, ஃபைபர் வழியே எங்கும் அனுப்பலாம். கென்யாவின் ஒல்காரியாவில் புவிவெப்பத்தால் இயங்கும் டேட்டா சென்டர் கட்டப்போவதாக மைக்ரோசாஃப்ட்டும் அபுதாபியின் ஏஐ நிறுவனமான ஜி42வும் 2024இல் அறிவித்தது இந்தக் கணக்கில்தான் அர்த்தப்படுகிறது: கட்டடம் கிணற்றைத் தேடிப் போகிறது.